நியூட்ரலில் இறங்கும் லாரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சுவரில் கிடைத்தது. ஒரு லாரி அலுவலகத்தில், லிட்டருக்கு யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முதலிடத்துக்குப் பரிசு, உள்ளூர் ஓட்டம். தினமும் வீட்டில் தூங்கலாம். கடைசிப் பெயருக்கு உரியவரை நான் எடுத்துக்கொண்டேன்.*

* முதலில் வருகிறவர்களை வைத்து எனக்குக் கதை வராது.

2

அவர் மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். போன தடவை கதவைத் திறந்த மகள் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். மனைவி சிரித்து மழுப்பினாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதம் முதலிடம் என்று முடிவுகட்டினார். மலைப்பாதையின் உச்சியில், இருபத்தைந்து டன் சிமென்ட்டோடு, டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் போட்டு லாரியை இறக்கத்தில் விட்டார். ஜன்னல் வழியே காற்று

[இங்கே தங்கை போன் செய்தாள்.]

3

அவள் கனரக டீசல் எஞ்சின்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இதுவரை எழுதியதைப் படிக்க அனுப்பியிருந்தேன்.

"அண்ணா, நியூட்ரல்ல மிச்சமாகும்னு உனக்கு யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"இப்ப வர்ற எஞ்சின்ல, கியர்ல வெச்சு, ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா சக்கரமே எஞ்சினைச் சுத்திடும். சொட்டு டீசல் போகாது. நியூட்ரல்ல எஞ்சின் அணையாம இருக்கவே டீசல் வேணும். அதைக்கூட விடு. எஞ்சின் பிடிச்சு இழுக்காது, அவ்வளவு பாரத்தையும் பிரேக்தான் தாங்கணும். சூடேறினா அதுவும் கைவிட்டுடும்."

"அப்ப உடனே கியர்ல போட வெச்சுடறேன்."

"அந்த வேகத்துல கியர் விழாதுண்ணா."

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதியவன் நான். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அவர். பாவம், வீட்டில் தூங்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

4

முடிவு அ: வழியில் ஒரு மணல்மேடு. லாரி புதைந்து நிற்கிறது. (எழுதிப் பார்த்தேன். என்னாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: சக்கரத்திலிருந்து புகை கிளம்புகிறது. அடுத்த வளைவில் அவர்

மாட்டேன்.

5

என் பிரதியில் ‘நியூட்ரலில் போட்டு’ என்பதை அடித்து, ‘கியரிலேயே’ என்று எழுதிவிட்டேன். அதில் அவர் நிதானமாக இறங்கிவிட்டார், டீசலும் மிஞ்சியது. ஆனால் உங்கள் கையில் இருப்பது பழைய பிரதி. அதில் அவர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார். அங்கே என் கை எட்டாது.

பேனா இருக்கிறதா? சீக்கிரம்.