கமாண்டர் அத்தான் சுக்கான் பிடித்தார்

என் அத்தானைக் குடும்பத்தில் எல்லோரும் கமாண்டர் என்றுதான் சொல்வோம். கடற்படையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் வேலை பார்த்த கடற்படைக் கிடங்கு, கடலிலிருந்து நூற்றுப்பத்து மைல் உள்ளே, ஒரு சிமென்ட் ஆலைக்குப் பின்னால் இருந்தது. அங்கே அவர் ஸ்டோர்ஸ் கிளார்க். கப்பலுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். கப்பல் மட்டும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

இது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அத்தான் நான்கு மாதமாக இளைத்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி கல்வித் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உட்கார்ந்தால் நாற்காலியே விறைப்பாகிவிடும். முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று, தான் வகித்த பதவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் பரப்பினார். அத்தானால் சும்மா இருக்க முடியவில்லை. பதிலுக்கு ஒரு புயலை எடுத்துப் பரப்பிவிட்டார். நடுக்கடல், இருட்டு, நாற்பதடி, கையில் சுக்கான். சம்பந்தியம்மா கையிலிருந்த காப்பி ஆறி ஏடு படியும்வரை வாய் மூடாமல் கேட்டார். அக்காவின் பெண்ணுக்குச் சம்பந்தம் முடிவானது. அத்தானுக்குச் சனி பிடித்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சம்பந்தியம்மா சொன்னார்: "வேலையெல்லாம் கழுத்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடி நாம பெரியவங்க மட்டும் எங்கயாவது போயிட்டு வரலாமே. அண்ணா கடல்காரர். அந்தப் பழைய பாய்மரக் கப்பல் ஊருக்கே போகலாம்."

அத்தான் மலைக்குப் போகலாம் என்றார். குளிர் மூட்டுக்கு நல்லது என்றார். உலகத்தில் எந்த வைத்தியரும் சொல்லாத அந்த யோசனையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் அழகான ஊர்தான். கருங்கல் பாவிய சந்துகள், நீலக் கதவுகள், வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நங்கூரம். பழமைக்குப் பஞ்சமே இல்லை. எங்கே நிமிர்ந்து பார்த்தாலும் சுவரில் ஒரு பித்தளைப் பலகை. ஒன்றில், 'இங்கே இருந்ததாகச் சொல்லப்படும் வீட்டில் புகழ்பெற்ற மாலுமி ஒருவர் ஓர் இரவு தங்கியிருக்கக்கூடும்' என்று எழுதியிருந்தது. சம்பந்தி அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "அத்தாட்சியோட எழுதியிருக்கான்" என்றார்.

முனைக்கடையில் தங்கச் சரிகை வைத்த வெள்ளைத் தொப்பிகள் தொங்கின. சம்பந்தி ஒன்றை வாங்கி, அத்தான் தடுக்கத் தடுக்க, அவர் தலையில் வைத்தார்.

"உங்க தலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, சம்பந்தி."

"வெயிலுக்கு ஆகும்," என்றார் அத்தான், தூக்குக் கயிற்றின் நீளத்தை விசாரிப்பவர் குரலில்.

தொப்பி செய்த வேலை படகுத்துறையில்தான் தெரிந்தது. 'முந்நூறு ஆண்டுப் பழமையான பாய்மரக் கப்பல், துறைமுகத்தைச் சுற்றி ஒரு மணி நேரம்' என்ற பலகையின் கீழே நின்ற கேப்டன், எங்களைப் பார்த்ததும் விறைத்து ஒரு சல்யூட் வைத்தார். மார்பு வரை தாடி, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், வாயில் புகையாத பைப்.

"சார் சர்வீஸா?"

"முப்பத்தோரு வருஷம்," என்றார் சம்பந்தி, அத்தானுக்குப் பதிலாக.

"அப்ப எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு. கடல்ல வேலை பார்த்தவங்க யார் வந்தாலும், துறைமுக வாயைத் தாண்டினதும் சுக்கானை அவங்க கையில குடுத்துடுவோம். முந்நூறு வருஷமா குடுக்கறோம்."

அத்தானின் முகத்திலிருந்த ரத்தம் வடிந்து காலுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

"எனக்கு முழங்கைல ஒரு பிடிப்பு," என்று என்னை முன்னால் தள்ளினார். "என் மச்சான் பிடிக்கட்டும். சின்னவங்களுக்கு வழி விடணும்."

"உங்க மச்சான் பாங்க்ல இருக்கார்," என்றார் சம்பந்தி. "வாங்க, கூச்சப்படாதீங்க."

ஏறும்போது அக்கா காதோடு சொன்னாள்: "தலை சுத்துதுன்னு சொல்லிட்டு உட்காருங்களேன்."

"கமாண்டருக்கு எங்கடி தலை சுத்தும்?"

"அப்ப வாந்தி எடுங்க."

"அது வரும்போது தானா வரும்."

கப்பல் கிளம்பியது. மூன்று பாய்களும் விரிந்து படபடத்தன. அடியில் எங்கேயோ ஒரு டீசல் எஞ்சினும் கூச்சத்தோடு இருமியது. துறைமுக வாயைத் தாண்டியதும் கேப்டன், கொடிமரத்தில் தொங்கிய மணியை மூன்று முறை அடித்து, ஆளுயரச் சுக்கான் சக்கரத்தை அத்தானிடம் ஒப்படைத்தார். இன்னொரு சல்யூட் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

முதல் ஐந்து நிமிடம் கப்பல் நேராகப் போனது. நேராகப் போகும் கப்பலைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றும் கஷ்டமில்லை என்பது அத்தானுக்குப் பிடிபட்டுவிட்டது. முதுகு நிமிர்ந்தது. முழங்கைப் பிடிப்பு போன இடம் தெரியவில்லை. "காத்து வடமேற்கா திரும்புது" என்று யாரும் கேட்காமலே அறிவித்தார். சம்பந்தி போட்டோ எடுத்தார். சம்பந்தியம்மா, "அண்ணா, இந்தப் பக்கம் கொஞ்சம் சிரிங்க" என்றார். அத்தான் சிரிக்கவில்லை. கமாண்டர்கள் சிரிப்பதில்லை.

அப்போதுதான் எதிரே ஃபெர்ரி வந்தது. மூன்று மாடி, உள்ளே ஒரு ஊர் ஜனம்.

அத்தான் சக்கரத்தை வலது பக்கம் திருப்பினார். கப்பல் மெல்ல இடது பக்கம் போயிற்று. இடது பக்கம் திருப்பினார். இன்னும் இடது பக்கம் போயிற்று. ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். சக்கரம் குழந்தைகள் கையிலிருக்கும் காற்றாடிபோல அவர் விட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபெர்ரி மூன்று மாடி உயரத்திலிருந்து ஐந்து மாடி உயரத்துக்கு வளர்ந்தாற்போல் இருந்தது.

அத்தான் தொப்பியைக் கழற்றி வீசினார்.

"நான் கமாண்டர் இல்லை. கிளார்க். ஸ்டோர்ஸ் கிளார்க். முப்பத்தோரு வருஷம் கயிறும் சோப்பும் எடுத்துக் குடுத்தேன். நான் கப்பல்ல கால் வெச்சதே இன்னைக்குத்தான். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. யாராவது வந்து பிடிங்கய்யா."

கப்பல் அலுங்காமல் ஒதுங்கி ஃபெர்ரிக்கு வழி விட்டது. ஃபெர்ரி நன்றியாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

கேப்டன் பின்பக்கத்திலிருந்து பாதி தின்ற பன்னோடு ஓடி வந்தார்.

"சார், அந்தச் சக்கரம் எதோடயும் சேர்ந்தது இல்லை. போட்டோக்கு வெச்சது. ஓட்டறது பின்னாடி கேபின்ல என் வீட்டுக்காரி. அவ அந்த ஃபெர்ரியைப் பார்த்து பத்து நிமிஷம் ஆச்சு."

அத்தான் சக்கரத்தைப் பார்த்தார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இப்ப சொன்னது..."

"எதுக்கு சார் சொன்னீங்க?" கேப்டனுக்கு நிஜமாகவே வருத்தம். "இதுவரைக்கும் ஒரு நானூறு கமாண்டர் பிடிச்சிருப்பாங்க. ஒருத்தர் வாயைத் திறந்ததில்லை. நானே மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் பஸ் ஓட்டினவன்."

"கப்பல் முந்நூறு வருஷம்னு போட்டிருந்ததே?" என்றேன்.

"கப்பலுக்கு ஏழு வருஷம். மணிதான் பழசு. ஏதோ இடிச்ச ஸ்கூல்ல வாங்கினது."

சம்பந்தி அந்த மணியை, தனக்குத் தெரியாமல் கல்வித் துறையை விட்டு ஓடிப்போன ஊழியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பெண்ணின் கல்யாணம் அந்தச் செருமலில் தொங்கியது.

"கிளார்க்," என்றார் சம்பந்தி.

"ஆமா."

"எந்த கிரேடு?"

"கடைசி ஆறு வருஷம் ஹெட் கிளார்க்."

"அந்தப் புயல்?"

"அது நிஜம். கிடங்குக் கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு."

"நாற்பதடின்னீங்களே."

"தகரம். ஒரே தகடு, நாற்பதடி."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பார்த்தால் சம்பந்தியம்மா. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை, பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, உங்க வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் இவர் என்னை ஹால்ல உட்கார வெச்சு பாடம் நடத்துவார். கடலைப் பத்தி மூணு புஸ்தகம் வாங்கி, அடிக்கோடு போட்டு. கமாண்டர் கேள்வி கேட்டா முழிக்கக் கூடாதாம். ஒரு தடவை எனக்கு டெஸ்ட் வெச்சார். ஃபெயில்."

"நீ சும்மா இரு," என்றார் சம்பந்தி.

"நாலு மாசமா பயந்து செத்துட்டிருந்தது நாங்க. ஒரு ஹெட் கிளார்க்குக்கா?"

சம்பந்தியின் விறைப்பு எந்த இடத்தில் விட்டதென்று சொல்ல முடியாது. மீசை முதலில் ஆடியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மனிதர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, "தகரம்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அத்தான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

அக்கா எழுந்து போய், "எதோடயும் சேராத சக்கரம்தானே, தள்ளுங்க" என்று இரண்டு கையாலும் ஒரு சுற்றுச் சுற்றினாள். சம்பந்தியம்மா மறுபக்கம் பிடித்துக்கொண்டார். பின் கேபினிலிருந்து கேப்டனின் மனைவி தலையை நீட்டி, "எந்தப் பக்கம் போகணும்கா?" என்றாள். இவர்கள் சொன்ன பக்கமெல்லாம் கப்பலை ஒடித்தாள். ஒரு மணி நேரச் சவாரி ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று. கேப்டனைக் கேட்பாரில்லை. அவர் மூலையில் உட்கார்ந்து பன்னை முடித்தார்.

கரையில் ஒரு ஆள் கயிற்றை வாங்கித் தூணில் சுற்றினான். அத்தான் இறங்கிய கால் தரையில் பதிவதற்குள் குனிந்து அந்தக் கயிற்றை விரலால் நெருடினார்.

"பிளாஸ்டிக் கயிறு. எவ்வளவு நாளா வெயில்ல கிடக்கு? தூள் உதிருது பாரு. அடுத்த காத்துக்குத் தாங்காது. இதை வாங்கச் சொல்லி எவன் இண்டென்ட் போட்டது?"

அந்த ஆள் நிமிர்ந்தான். "நீங்க யாரு சார்?"

அத்தான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே சம்பந்தி முன்னால் வந்து நின்றார்.

"ஹெட் கிளார்க். கடற்படை ஸ்டோர்ஸ். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். எங்க சம்பந்தி," என்றார். தன் பதவிகளை அடுக்கும் அதே குரல்.

கயிற்றுக்காரன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றான். அத்தான் அடுத்த தூணுக்குப் போனார். சம்பந்தி பின்னால் கைகட்டிப் போனார்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் அக்கா. "இனிமே ரெண்டு பேரா."