முதலாளியின் தாடையில் ஒரு கட்டி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. சும்மா சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, விளிம்பிலிருந்து கையை எடுக்காமல், "எழுதுறேன்னு சொல்லு, தட்ட விடுறேன்" என்றாள். பசியில் ஒப்புக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு. என்ன நடந்துச்சோ அதத்தான் எழுதணும். உன் கைவரிசையெல்லாம் காட்டக் கூடாது."

கைவரிசை காட்டாமல் எப்படித் தொடங்குவது? முதல் வரி இப்படி வந்தது:

[ஈரம் கசிந்த ஒரு மாலையில், துயரம் ஒரு திராட்சையின் வடிவில் எங்கள் வீட்டுக்குள்—]

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "துயரமா? கட்டிடா அது. திராட்சையும் இல்ல. கொண்டைக்கடலை. ஊறவச்சது."

சரி. மறுபடியும்.

அக்காவின் கினிப்பன்றிக்குத் தாடையின் கீழே, ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி வந்தது.

இதுவே இருக்கட்டும். அழகாக இல்லை என்பது எனக்கும் தெரியும்.

2

கினிப்பன்றியைப் பார்த்திராதவர்களுக்கு: எலியைவிடப் பெரியது, முயலைவிடச் சிறியது, வால் கிடையாது. அகராதியில் தேடினேன். 'சீமைப் பெருச்சாளி' என்று போட்டிருந்தது. அக்காவிடம் காட்டினேன். அகராதி இப்போது பரண்மேல் இருக்கிறது.

வீட்டில் அதன் பெயர் முதலாளி. நாள் முழுக்க இருந்த இடத்திலேயே புல்லை மென்றுகொண்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் விசில் அடித்து ஆளைக் கூப்பிடுகிற ஒருவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பேசும்போதும் மரியாதை குறையாது. "முதலாளி சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்போம்.

கல்யாணம் முறிந்து அக்கா என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் துணிப்பை இருந்தது. இன்னொரு கையில் முதலாளியின் கூண்டு. "மத்ததெல்லாம் அங்கயே கெடக்கட்டும்" என்றாள். இந்த இடத்தை நான் நீட்டப் போவதில்லை. நீட்டினால் இது வேறு கதையாகிவிடும். அவளும் அடிப்பாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் கம்பி வடங்களுக்கு டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை. கீழே எத்தனை மாடி பள்ளம் இருந்தாலும் அவளுக்குக் கால் கூசாது. இரத்தம் மட்டும் ஆகாது. காய் நறுக்கும்போது விரலில் கீறல் விழுந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.*

(* இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா பல்லு வெளக்கறப்ப ஈறுல ரத்தம் வந்ததுக்கு விழுந்தேன்ல, அத எழுதாத" என்றாள். எழுதவில்லை.)

3

முதலாளிக்கு முடி சீவிவிடும்போதுதான் அக்காவின் விரலில் கட்டி தட்டுப்பட்டது. நான், சூட்டுக் கட்டியாக இருக்கும், தானே அடங்கிவிடும் என்றேன். அவள் கேட்கவில்லை. அலமாரியைக் குடைந்து, என் பல்வலிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மாத்திரையை எடுத்தாள்.

"இதுல கால்வாசி பொடி பண்ணிக் குடுத்தா?"

மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தாள். "வேணாம். என்ன வயர்னு தெரியாம கை வைக்கக் கூடாது."

முதலில் போன மருத்துவமனையில், நாய் பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த இடத்தில் உள்ளே விட்டார்கள்.

[மருத்துவர் தன் கண்ணாடியை மெல்லக் கழற்றி, ஒரு நீண்ட பெருமூச்சுடன்—]

அவருக்குக் கண்ணாடியே கிடையாது. பெருமூச்சும் விடவில்லை. இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கதைக்கு இறுகிய முகமுள்ள ஒரு மருத்துவர் இருந்தால் வசதி. வந்து வாய்த்தவரோ, மணிக்கட்டு முழுக்கப் பூனைக் கீறலோடு, பாதி தின்ற பிஸ்கட்டை மேசை டிராயருக்குள் ஒளித்துவைக்கிற ஒரு பெண். முதலாளியைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்காரவைத்து எடை பார்த்தார். முதலாளி கிண்ணத்துக்குள்ளிருந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற பார்வை.

"ஊசி போட்டு உறிஞ்சிடலாம்னு நினைக்காதீங்க" என்றார் மருத்துவர். "இதுங்களுக்குச் சீழ் தண்ணியா இருக்காது. பற்பசை மாதிரி கெட்டியா இருக்கும். மயக்கம் குடுத்து, கட்டியத் திறந்து, உள்ள இருக்கிற பையோட எடுக்கணும். எடுத்தப்புறம் தைக்க மாட்டேன். பள்ளம் திறந்தேதான் இருக்கும். காலையும் சாயங்காலமும் நீங்க உள்ள கழுவணும். அடியில இருந்து சதை வளர்ந்து வரணும். மேல மட்டும் மூடிக்கிச்சுன்னா உள்ள மறுபடியும் கட்டிக்கும்."

"முன்னாடி பண்ணியிருக்கீங்களா டாக்டர்?"

"முயலுக்குப் பண்ணியிருக்கேன். இதுக்கு இதான் முதல் தடவை. எனக்குச் சொல்லிக்குடுத்தவங்ககிட்ட பேசிட்டுத்தான் தொடுவேன்."

அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். அதுவரை தூக்கியே வைத்திருந்தாள் போல.

"வீட்ல எதாவது மருந்து குடுத்தீங்களா?"

"குடுக்கல டாக்டர். இவன் பல்லுக்கு வாங்குன மாத்திரை ஒண்ணு இருந்துச்சு" என்று பெயரைச் சொன்னாள்.

மருத்துவரின் பேனா நின்றது. "குடுக்கலயே?"

"இல்ல."

"நல்லவேளை. அந்த வகை மாத்திரை இதுங்க வயித்துல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் அழிச்சிடும். கட்டியால சாகாது. மாத்திரையால செத்திருக்கும்."

அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். அவள் மட்டும் அன்று அந்த மாத்திரையைப் பொடித்திருந்தால், நீங்களும் நானும் இந்தப் பக்கத்தில் சந்தித்திருக்கவே மாட்டோம்.

4

அறுவை நல்லபடியாக முடிந்தது. பையோடு முழுசாக எடுத்தாகிவிட்டது என்றார் மருத்துவர். முதலாளி துண்டுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, மயக்கம் தெளியாமல் எங்களை முறைத்தார்.

"யாரு கழுவப்போறீங்க?"

அக்கா என்னைக் கை காட்டினாள். நானும் என்னைத்தான் காட்டினேன்.

ஆனால் முதலாளிக்கு அதில் சம்மதமில்லை. என் கையில் எடுத்தாலே வீறிட்டார், உதைத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புநீரை நிரப்பி நான் பீய்ச்சியதில் என் சட்டை நனைந்தது, சுவர் நனைந்தது, காயத்தைத் தவிர எல்லாம் நனைந்தது. அக்காவின் மடியில் மட்டும் அவர் அடங்கிக் கிடந்தார். அவளோ கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"உள்ள போச்சாடா?"

"போகல."

"இப்படியே விட்டா மறுபடியும் கட்டிடும்டா." சிரிஞ்சை என்னிடமிருந்து பிடுங்கினாள். கண்ணைத் திறந்தாள். காயத்தைப் பார்த்தாள்.

குளியலறைச் சுவரில் முதுகு உரச, மெதுவாகக் கீழே போனாள். போகும்போதும் முதலாளியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தபோது அவள் கண் திறந்து முதலில் கேட்டது, "அவருக்கு அடிபடலயே?"

அன்று மாலை அறையிலிருந்து வெளியே வந்தவளைப் பார்த்துத் திகைத்தேன். வேலைச் சீருடை. வேலைக் காலணி. நெற்றியில் விளக்கு.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்தாள். துண்டை விரித்தாள். "நான் சொல்றத நீ அப்படியே திருப்பிச் சொல்லணும். குழிக்குள்ள எறங்கறப்ப நாங்க அப்படித்தான். மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். வேற எதுவும் பேசாத."

விளக்கைப் போட்டாள்.

"கதவு பூட்டியாச்சு."

"பூட்டியாச்சு."

"துண்டு சுத்தியாச்சு."

"சுத்தியாச்சு."

"முனை உள்ள."

"முனை உள்ள."

"தண்ணி விடுறேன். என்ன வருது?"

"கொஞ்சம் கலங்கலா வருது."

"இன்னொண்ணு. இப்ப?"

"தெளிவா வருது."

"தெளிவா வருது" என்று இந்த முறை அவள் திருப்பிச் சொன்னாள். உதடு வெளுத்திருந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கை மட்டும் ஆடவில்லை. மருந்து தடவி, முதலாளியைக் கூண்டில் விட்டு, விளக்கை அணைத்து, சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் படுத்துச் சிரித்தேன்.

[அந்த மாலையோடு அக்காவின் பயம் பறந்து—]

இந்த வரியை அவளே அடித்தாள். "பயம் எங்கடா போச்சு? அது பாட்டுக்கு இருந்துச்சு. நான் பாட்டுக்கு வேலையப் பார்த்தேன்."

5

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி சாப்பிடுவதை நிறுத்தினார். கொத்தமல்லித் தழையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கூண்டில் புழுக்கையும் இல்லை.

மருத்துவர் போனில் சுற்றிவளைக்காமல் சொன்னார். இந்தப் பிராணிகளின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஆபத்து. தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாயோரத்தில் ஊட்டுங்கள். வயிற்றை மெல்ல நீவிவிடுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

மறுநாள் காலைச் சுற்றை அக்கா ஊட்டினாள். அதற்குள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அழைப்பு வந்தது. போக மனமில்லாமல் போனாள். நானும் அவரும் தனியாக இருந்தோம்.

[மதியம் கூண்டில் அசைவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சன்னலோரம்—]

நன்றாக வந்திருக்கும். வாசகர்கள் கண்ணைத் துடைத்திருப்பார்கள். அக்கா படித்துவிட்டு, "நீ அவரக் கொன்னா நான் உன்னக் கொல்லுவேன்" என்றாள். நடந்தது இதுதான்:

கூழை ஊட்டினேன். பாதியை என் கையில் துப்பினார். மறுபடியும் ஊட்டினேன். மடியில் வைத்து வயிற்றை நீவிக்கொண்டே, எனக்குத் தெரிந்த தாலாட்டு எதுவும் நினைவுக்கு வராததால், மின்கட்டண அறிவிப்பை ராகம் போட்டுப் பாடினேன். வலது தொடையில் ஏதோ சூடாக உருண்டது. பார்த்தேன். ஒரு புழுக்கை. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. வாழ்நாளில் எதையும் அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் லிஃப்டின் கூரைமேல் நின்றிருந்தாள்.

"அக்கா, போயிட்டாரு!"

"என்னது?"

"முதலாளி போயிட்டாரு! என் மடியிலயே!"

குழி முழுக்க அவள் குரல் எதிரொலித்தது. "முதலாளி போயிட்டாரா! அப்பாடா! போயிட்டாரா!"

லிஃப்டுக்காக ஒவ்வொரு மாடியிலும் காத்திருந்தவர்களுக்கு இது தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவள் வெளியே வந்தபோது கட்டட மேலாளர் முகம் வெளிறி நின்றாராம்.

"எப்பம்மா?"

"இப்பதான் சார், தம்பி போன் பண்ணான்."

"கஷ்டப்பட்டாரா?"

"ரெண்டு நாளா முக்கினாரு சார். இப்பத் தாராளமாப் போயிட்டாரு" என்று சொல்லி, அக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறாள். கட்டட முதலாளியின் வீட்டுக்கு இரங்கல் சொல்ல மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் கிளம்பியே விட்டாராம்.*

(* இது மட்டும் கைவரிசை என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தக் கட்டடத்தில் அக்காவை இன்றும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.)

6

அதற்குப் பிறகு பள்ளம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலை, "முனை உள்ள" என்று அக்கா சொல்லவில்லை. நான் காத்திருந்தேன்.

"போக மாட்டேங்குதுடா" என்றாள். "இடமே இல்ல."

மருத்துவர் விரலால் அழுத்தி, தடவி, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "அடியில இருந்தே மூடியிருக்கு" என்றார். இன்னொரு முறை அழுத்தினார். "சுத்தமா மூடியிருக்கு!" பக்கத்து அறையில் நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குப் போன் போட்டு, "மேடம், ஜெயிச்சிட்டோம்" என்றார். அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நடுவில் மாட்டிய முதலாளி கீச்சென்று ஆட்சேபித்தார்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அக்காவுக்கு இனி இரத்தத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. பொய். போன வாரம் டப்பா மூடி கிழித்த விரலோடு சுவரோரம் உட்கார்ந்தாள். நான்தான் துணி சுற்றினேன்.

இரண்டு: வளர்ப்புப் பிராணிக் கதைகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற அந்த முடிவு. அது என்றைக்காவது வரும். வரட்டும். என் கதையில் அதற்கு இடம் தர மாட்டேன்.

மூன்றாவதை நான் எழுதவில்லை, இப்போது எதிரில் நடந்துகொண்டிருக்கிறது. அக்கா தரையில் குப்புறப் படுத்து, முகவாயைக் கையில் தாங்கி, முதலாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம் தாங்காதபோது கினிப்பன்றிகள் நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எகிறும், சட்டியில் சோளம் பொரிவதுபோல. கட்டி வந்ததிலிருந்து முதலாளி ஒருமுறைகூட எகிறவில்லை. இப்போது அறையின் நடுவுக்கு வந்து நிற்கிறார். பின்பக்கம் லேசாக நடுங்குகிறது.

"எகிறுங்க முதலாளி" என்கிறாள் அக்கா, மூச்சை அடக்கிக்கொண்டு.

எகிறிவிட்டார். நான்கு கால்களும் தரையில் இல்லை. அக்காவின் வாய் திறந்திருக்கிறது, கூச்சல் இன்னும் வெளியே வரவில்லை.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவரைக் கீழே இறக்குவது உங்கள் பொறுப்பு. அவசரமே இல்லை.