ஆறு கிலோமீட்டர், நான்கு நாள்

1

இருந்தவர்கள்: பாலுசாமியாகிய நான், வயது எழுபத்திரண்டு. என் மகன் சுரேந்தர். மருமகள் லோகப்பிரியா. வேறு யாரும் இல்லை. என் மகள் கோகிலவாணி அங்கே இல்லை. அவள் இல்லாததுதான் கதை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. பதினோரு வருடம் கழித்து மறுபடி வேலைக்குப் போக நினைத்த லோகப்பிரியா, புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த கணக்கு இது: ஒருவர் ஒரு மாதம் தினமும் நடந்த தூரங்களை எடுத்து, எந்தத் தூரம் எத்தனை நாள் என்று எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். என் கைக்கடிகாரத்தில் முப்பது நாள் நடை பதிவாகியிருந்தது. கேட்டாள். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

2

அன்று மாலை மழை பெய்துகொண்டி— (பெய்யவில்லை. அடித்துவிடுகிறேன்.)

ஐந்து வருடங்களுக்கு முன், எங்கள் சாதியில் இல்லாத அன்புமணியைக் கோகிலவாணி மணந்தபோது, சொந்தங்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: இந்த வீட்டிலிருந்து யாரும் அவள் வாசலை மிதிக்கக் கூடாது. அவள் இருப்பது ஆர்.எஸ்.புரத்தில். சீரநாயக்கன்பாளையத்து எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். சுரேந்தர் இன்றுவரை தங்கையைப் போய்ப் பார்க்கவில்லை.

(அவனைக் கோழையாக எழுதுகிறேனோ என்று சந்தேகம் வந்தது. இல்லை. அப்பன் சொல்லை அவன் காப்பாற்றினான்.)

3

திரையில் விடை வந்தது.

6 கி.மீ. — 4 நாள்
3 கி.மீ. — 5 நாள்*
2 கி.மீ. — 21 நாள்

“ஏனுங்கப்பா, டாக்டர் ரெண்டு கிலோமீட்டர்தானுங்களே நடக்கச் சொன்னாரு?” என்றான் சுரேந்தர். பிறகு மனைவியிடம், “உன்ற புரோகிராம்ல அப்பா ஊட்டிக்கே நடந்துருவாரு போல.”

லோகப்பிரியா அந்த நான்கு நாட்களின் தேதிகளைப் பார்த்தாள். நான்கும் வெள்ளிக்கிழமை. அன்றுதான் கோகிலவாணிக்கு வார விடுமுறை. அது என் மருமகளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

“வாட்ச் தப்பா காட்டியிருக்கும்ங்க,” என்றாள். “அந்த நாலையும் எடுத்துப்போட்டு அனுப்பிடறேன்.”

எடுத்தால் விடை தவறு. மூன்று நாள் உட்கார்ந்து சரியாகச் செய்ததை, என் மானத்துக்காகத் தவறாக அனுப்பத் துணிந்துவிட்டாள்.

“எடுக்காத அம்மணி. உன்ற கணக்குச் சரிதான். நாலு நாளும் நாந்தான் நடந்தேன்.”

“எங்கீங்கப்பா?” என்றான் என் மகன்.

* இந்த ஐந்து நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவை பாதி வழி போய்த் திரும்பிய நாட்கள்.

4

முடிவு ஒன்று: கோயிலுக்கு என்கிறேன். அவன் நம்பிவிடுவான். அதனால்தான் அதை எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். தான் மட்டும் ஐந்து வருடம் காத்த சொல்லை நினைத்துக்கொண்டு அவன் எழுந்து—

இதை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். எழுந்தவன் வண்டிச் சாவியை எடுக்கிறானா, தன் அறைக் கதவைச் சாத்துகிறானா என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. கூடப் பிறந்தவர்கள் உள்ளவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுத வேண்டியது இன்னும் ஒன்றுதான். கோகிலவாணி வந்து காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள், அதனால்தான் கிழவன் இறங்கி வந்தான் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவள் வரவும் இல்லை, கேட்கவும் இல்லை. நான்தான் போனேன்.