நாலு மணி நேர அலாரம்

தையல்காரியின் போனில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும். அடித்தால் வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாக வேண்டும். பிறவியிலேயே அவளுக்கு ஓர் அபூர்வக் கோளாறு. கல்லீரல் சர்க்கரையை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும், திருப்பித் தரவே தராது. அப்படியொரு மகா கஞ்சம். நேரம் தப்பினால் தலை சுற்றிக் கீழே விழுவாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாவு கலக்குவது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனின் வேலை. மனுஷன் தூக்கத்தில்கூடக் கட்டியில்லாமல் கலக்குவான்.

அந்தக் கோளாறோடு சினைப்பை நிறைய நீர்க்கட்டி வேறு; குழந்தை தங்கவில்லை. இரண்டு வருட ஊசி மாத்திரைக்குப் பிறகு ஒருவழியாகச் சோதனைக்குழாய்க் குழந்தைக்காகக் கருமுட்டை எடுக்கும் நாள் வந்தது. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மாவுக்குப் பதிலாகக் கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் பக்கா.

ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது. பையிலிருந்த மாவை எடுத்து அவன் கலக்கினான், அவள் மடக் மடக்கென்று குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஐயையோ! நீ ஏன் குடிச்ச?"

"நீங்க ஏன் குடுத்தீங்க?"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வந்தார். "இப்ப மயக்கம் குடுத்தா, வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். மத்தியானம் வரைக்கும் காத்திருந்தா முட்டை தானா வெளியேறிடும். அப்புறம் ஒண்ணுமே கிடைக்காதும்மா."

தையல்காரி காலி டம்ளரைப் பார்த்தாள். இரண்டு வருஷம், ஒரு டம்ளர் மாவில் போச்சே! வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"மயக்காம எடுக்க முடியாதா டாக்டர்?"

"மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு எடுக்கலாம். ஆனா நல்லா வலிக்கும்."

"தையல் மிஷின் ஊசி என் விரல்ல எத்தனை தடவை ஏறியிருக்கு தெரியுமா? எடுங்க."

உயிர் போய் உயிர் வந்தது. ஐந்து முட்டை கிடைத்தது.

அன்றிலிருந்து மெக்கானிக்குக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம். அலாரம் அடித்தால் டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பான். "குடிக்கலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லு." அவள் கடுப்பாகிப் பிடுங்கிக் குடிப்பாள்.

கருவை உள்ளே வைத்துப் பதினான்கு நாள் கழித்து, காலையில் கொடுத்த ரத்தத்தின் முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தவள் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நேரம் பார்த்து அலாரமும் அடித்தது. டம்ளரோடு வந்தவன் அவளைப் பார்த்துப் பயந்துபோனான். வழக்கமான கேள்வி பாதிதான் வெளியே வந்தது.

"குடிக்க..."

அவள் நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"சீக்கிரம் குடுங்க. ரெண்டு பேருக்குப் பசிக்குது."

இத்தனை வருஷமாகக் கட்டியில்லாமல் கலக்கியவனுக்கு, அன்றைக்கு டம்ளரைச் சிந்தாமல் நீட்டத் தெரியவில்லை.