ஒளிந்து விளையாடிய கட்டி

ஸ்கேன் டாக்டர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது நீச்சல் டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்று இதே சிரிப்பைச் சிரித்துத்தான் பஸ் மெக்கானிக் ஒருவரைக் கணவராகப் பெற்றாள்.

சில மாதங்களாக அவள் மெலிந்துகொண்டே வந்தாள். நீச்சல் உடை தொளதொளத்தது. வயிற்றுக்குள் மந்தமான வலி. படம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரலுக்குக் கீழே, குடல் மடிப்புகளுக்கு நடுவே, ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று படத்துக்குத் தெரியவில்லை. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. ‘அது’ என்றார்கள். ‘அதுவா இருக்காது’ என்றார்கள். எடுக்கிற சதை போதாமல் போனால் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

“பெரும்பாலும் ஒரு தொந்தரவும் வராது,” என்றார் டாக்டர். வயதில் சின்னப் பெண். “கொஞ்சம் வலிக்கும். சில பேருக்கு உள்ள ரத்தம் கசியலாம். ரொம்ப அபூர்வமா குடல்ல ஊசி படலாம், கிருமி தொத்தலாம். அதனாலதான் படத்தப் பாத்துக்கிட்டே ஊசியக் கொண்டுபோறோம்.”

“ஊசி எவ்வளவு நீளங்க?” என்றார் மெக்கானிக்.

டாக்டர் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினார். மெக்கானிக் மெதுவாக நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முழு இன்ஜினைத் தனியாளாகப் பிரித்துப் போடுகிறவர்.

“ஊசி எனக்குத்தாங்க. உங்களுக்கு இல்ல,” என்றாள் டீச்சர்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரே ஒரு நட்டக் கழட்டிப் பாத்தா உள்ள என்ன கோளாறுன்னு தெரிஞ்சிடப்போவுது, அவ்ளோதான்,” என்றார். முகம் மட்டும் சுண்ணாம்பாக இருந்தது.

உள்ளே குளிர். பெரிய வளையம் போன்ற எந்திரம். அதற்குள் போய்வரும் பலகையில் அவளைப் படுக்க வைத்தார்கள். நடுத்தர வயது நர்ஸ் ஒருத்தி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வயிற்றில் மட்டும் விலக்கினாள்.

“ஸ்பீக்கர்ல சொல்லும். மூச்ச இழுத்துப் பிடிக்கணும். பிடிச்சிடுவீங்கல்ல?”

“அதுதானே சிஸ்டர் என் பொழப்பே,” என்றாள் டீச்சர். ஆண்டவனே, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையத்தான் கேக்குறே, நன்றி என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

‘மூச்சை இழுங்க, பிடிங்க’ என்றது ஸ்பீக்கர். டீச்சர் குளத்தின் அடிவரை போய்வரும் அளவுக்கு இழுத்தாள். நெஞ்சு விம்மியது. படம் எடுத்து, தோலில் குறி போட்டு, மரத்துப்போக மருந்து செலுத்தினார்கள். அடுத்த தடவை முன்னதைவிட நன்றாகச் செய்து காட்டினாள். ‘மூச்சு விடலாம்’ என்று ஸ்பீக்கர் சொன்ன பிறகும் விடவில்லை. இன்னும் தாங்கும் என்று காட்ட ஆசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எந்திரத்தை இயக்குபவர் எழுந்து நின்றுவிட்டார்.

“விடுங்கம்மா! விட்டுடுங்க!”

டாக்டர் திரையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“கட்டியக் காணோம்.”

“காணோமா?” டீச்சருக்கு ஒரு நொடி உள்ளம் துள்ளியது. “கரைஞ்சிடுச்சா டாக்டர்?”

“நீங்க இழுத்த இழுப்புல கல்லீரல் கீழ எறங்கி அத மூடிடுச்சும்மா. போன தடவ ஒரு எடத்துல இருந்துது, இந்தத் தடவ வேற எடத்துல. எங்கன்னு குத்துவேன்?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். வயிறு குலுங்கியது. நர்ஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

“சிரிக்காதீங்கம்மா, கட்டியும் சேந்து ஆடுது,” என்ற டாக்டரின் குரலும் கோணியது. “ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு, சின்ன மூச்சு போதும். சும்மா உக்காந்திருக்கும்போது விடுவீங்களே, அது மாதிரி.”

சும்மா உட்கார்ந்திருக்கும்போது எப்படி மூச்சு விடுவோம் என்று டீச்சர் யோசித்தாள். யோசித்ததும் அது மறந்துபோயிற்று. ஒரு மூச்சு பெரிதாக வந்தது, அடுத்தது திக்கியது. இப்போது சிரிப்பு வரவில்லை. என் கோளாறால் ஊசி தவறினால்? சதை கிடைக்காமல் போனால்? கண்ணோர ஈரம் காதுக்குள் இறங்கியது.

நர்ஸ் வெளியே போயிருக்க வேண்டியவள். போகவில்லை. கதிர்வீச்சு படாமலிருக்கக் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, டீச்சரின் தலைமாட்டில் வந்து நின்று, தோளில் கையை வைத்தாள்.

“என் மூச்சக் கேட்டுக்கிட்டே இருங்க டீச்சர். நான் விடறப்ப விடுங்க. நான் நிறுத்தறப்ப நிறுத்துங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க.”

சளி பிடித்த மூக்கு அவளுக்கு. உஸ் உஸ்ஸென்று நன்றாகவே கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு டீச்சர் போனாள். கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்து அடங்கி உட்கார்ந்தது. ஊசி இறங்கியது. ‘டப்’பென்று ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஒரு சத்தம். இன்னொரு முறை. இன்னும் ஒருமுறை.

“போதும். அருமையா வந்திருக்கு,” என்றார் டாக்டர்.

அப்புறம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே ரத்தம் கசிகிறதா என்று நர்ஸ் வந்து வந்து நாடியும் பிரஷரும் பார்த்தாள். விலாவில் ஒரு தடவை சுருக்கென்றது. மெக்கானிக் பதறி மணியை அழுத்த, டாக்டரே வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஊசி போன இடத்து வலிதான் என்றார்.

“கட்டியக் காணோம்னாங்கங்க,” என்று டீச்சர் ஆரம்பித்தாள். கணவரின் கண்ணைப் பார்த்ததும் இருவருக்கும் உதடு துடித்தது. நர்ஸ் வந்து மெக்கானிக்கின் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

“ரெண்டு பேரும் சாயந்தரம் வரைக்கும் டூ,” என்றாள். போகிறபோக்கில் அவர் கையில் ஒரு டீயையும் வைத்துவிட்டுப் போனாள்.

முடிவு வர ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று. அந்த நாட்களில் டீச்சர் கடவுளிடம் எதையும் பேரம் பேசவில்லை. எது வந்தாலும் கூட இரு என்று மட்டும் கேட்டாள்.

வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “புற்றுநோய் இல்ல. காசநோய்.”

“டிபியா?” என்றார் மெக்கானிக்.

“ஆமா. வயித்துலயும் வரும். நெஞ்சுல ஒண்ணும் இல்ல, அதனால அடுத்தவங்களுக்குத் தொத்தும்னு பயப்பட வேண்டாம்.”

“டிபி!” மெக்கானிக் எழுந்துவிட்டார். “ஏம்மா, டிபியாம்மா! டிபி!” பிள்ளை பிறந்த சேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“உக்காருங்க சார். சாதாரணமில்ல. ஆறு மாசம் ஒருநாள் விடாம மாத்திர சாப்பிடணும்.”

“ஆறு வருசம்னாலும் சாப்பிடுவா டாக்டர்! நானும் வேணா கூடச் சாப்பிடறேன்!”

வெளியே வந்தார்கள். வராந்தா பெஞ்சுகளில் முடிவுக்குக் காத்திருப்பவர்கள். ஒரு பெண் கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன நிமிடம்வரை டீச்சரும் அப்படித்தான் இருந்தாள். வாயைத் திறக்கப் போன மெக்கானிக்கின் முழங்கையை அவள் நறுக்கென்று கிள்ளினாள். இருவரும் தலையைக் குனிந்தபடி நடந்தார்கள். அவங்களுக்கும் ஒரு வழி காட்டுப்பா என்று ஒவ்வொரு பெஞ்சுக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

படிக்கட்டின் திருப்பத்தில் ஆளில்லை. அங்கே தாங்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முந்தானையில் அவளும் உள்ளங்கையில் அவரும் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது.

படியேறி வந்த ஒரு பெரியவர் நின்றார். கையில் யாருக்கோ வாங்கிவந்த தண்ணீர் பாட்டில். அவர்களைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று. குனிந்து பாட்டிலைத் திறந்து டீச்சரிடம் நீட்டினார்.

“குடிம்மா. மனசத் தளர விடாத. கடவுள் இருக்காரு.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் அந்த முகத்தின் பரிவைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டிலை இரண்டு கைகளாலும் வாங்கி, நிதானமாகக் குடித்தாள்.

“ஆமாங்கய்யா,” என்றாள். “இருக்காரு.”