சாய்வில்லாத பக்கம்

முப்பத்தொரு மணி நேரத்தில் அதே பக்கம் நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. செடிகள் பற்றிய கையேட்டின் கடைசிப் பக்கம்; இதில் மட்டும்தான் ஆங்கில எழுத்தில் பெயர்ப் பட்டியல். மற்றதெல்லாம் அச்சுக்குப் போயாகிவிட்டது. இதுவும் இன்று போகாவிட்டால், பக்கம் வடிவமைக்கும் என் வேலை நிரந்தரமாகாது. அதை முடிவு செய்பவரே மெய்ப்புத் திருத்தும் அக்காதான்.

விதி எளிது. செடியின் லத்தீன் பெயர் சாய்வெழுத்தில். அதை அடுத்து வரும், அந்தப் பெயரைச் சூட்டியவரின் பெயர் நேரெழுத்தில். தாவரவியல் படித்தபோது இதற்காகவே மதிப்பெண் இழந்திருக்கிறேன். மறக்குமா?

அக்காவோ சூட்டியவர்களின் பெயர்களையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு ‘நிமிர்த்து’ என்று எழுதியிருந்தார். அவை நிமிர்ந்துதான் இருந்தன.

"மறுபடியுமா?" என்றார் பக்கத்து மேசை ஓவியர். "பேசாம எல்லாத்தையும் சாய்ச்சு விடும்மா. அந்தக் காலத்துல இத்தாலியில முழுப் புத்தகத்தையே அப்படித்தான் அடிச்சாங்களாமே."

"அது கையெழுத்து மாதிரி இருக்கணும், சின்னப் புத்தகத்துல அடங்கணும்னு அடிச்சது சார். இப்ப சாய்ச்சா ‘இது வேற, கவனி’னு அர்த்தம். எல்லாத்தையும் சாய்ச்சா எதைக் கவனிக்கிறது?"

"இதை அங்க போய்ச் சொல்லு. என்கிட்ட மட்டும் வாய் நீளுது."

உண்மைதான். அக்கா முன்னால் எனக்குப் பேச்சே வராது. ஆத்திரத்தில் அந்தப் பக்கத்திலிருந்த சாய்வு முழுவதையும் நீக்கி, ஓர் எழுத்துகூடச் சாயாத தாளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

சாய்ந்திருக்க வேண்டிய செடிப் பெயர்களைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மற்றவற்றில் அதே சிவப்பு வட்டங்கள்.

"காலேஜ் படிச்சவதானே நீ? எத்தனை தடவை சொல்றது? இதெல்லாம் ஏன் சாய்ஞ்சு கெடக்கு?"

"இந்தப் பக்கத்துல சாய்வே இல்லக்கா. மொத்தமா எடுத்துட்டேன்."

"என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா?"

மேசையிலிருந்த இரும்பு அளவுகோலை எடுத்து, ஓர் எழுத்தின் நெட்டுக்கோட்டோடு ஒட்டி வைத்தேன். இரண்டும் பிசகாமல் பொருந்தின. அக்கா குனிந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை. அளவுகோலின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவினார்.

"இதுவும் வளைஞ்சிருக்கே."

"இல்லக்கா. நேராத்தான் இருக்கு."

பேனாவை மூடி வைத்தார்.

"கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"தமிழ் எழுத்து வட்டமா இருக்கு, எப்படியோ சமாளிச்சுட்டேன். இந்தக் குச்சி எழுத்துதான் மாட்டி விட்டுடுச்சு." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வீட்டுல கூட யாருக்கும் தெரியாது. நாலு மாசமா எனக்கு நேர்கோடு எதுவும் நேராத் தெரியல."