கைப்பிடி வைத்த கேபினெட்

பங்குனி பிறந்து பன்னிரண்டு நாளாகியும் வெண்மதி ஒரு வேளைகூடக் குறிப்பு எழுதத் தவறவில்லை. மாடி அறைச் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. ப்ளக் பாயிண்ட் அருகே வோல்டேஜ் பார்க்க ஒரு மல்டிமீட்டர் இருந்தது. காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும் அவளே பார்த்து நோட்டில் எழுதுவாள். பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் அவள் பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு வேளையும் மாமியார் காவேரியின் பொறுப்பு.

"சூடு முப்பத்தெட்டரை. கரண்டு நூத்தி எழுவத்தி ரெண்டு," என்று போனில் சொல்லிவிட்டுக் காவேரி சும்மா வைக்கமாட்டாள். "ஏம்மா, இன்னும் பொறக்கவே இல்ல அந்தக் கம்ப்யூட்டரு. அதுக்குள்ள இத்தன தடவ காச்சல் பாக்கறியே. எனக்கு டைபாய்டு வந்தப்பக்கூட இந்த ஊட்டு மாடிப்படி இப்படித் தேஞ்சதில்ல."

"ரெண்டு வாரம் எடுக்கணும் அத்தை. அவுருதான் சொன்னாரு."

"அவன் சொல்லுவான். ஏசி ரூமுல உக்காந்துக்கினு சொல்லுவான். ஏறி எறங்கறது யாரு?"

காரணம் இல்லாமல் இல்லை. ஊரைச் சுற்றித் தக்காளிக் காடு. த்ரீ பேஸ் மின்சாரம் வந்த நிமிடமே எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒன்றாக ஓடத் தொடங்கும். வீட்டு வோல்டேஜ் தடாலென்று இறங்கும். மாடி அறையோ மதியத்தில் அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஓவர்க்ளாக் செய்கிற கம்ப்யூட்டர் வைக்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு பார்ட்ஸ் வாங்க முடியாது. ஓவர்க்ளாக் என்பது ப்ராசஸருக்குக் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி அதை ஓட்டுவது. வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும். அந்தச் சூட்டை வெளியே தள்ள எவ்வளவு வழி இருக்கிறதோ அவ்வளவுதான் விளையாட்டு.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவள் கணவன் மாதவராஜ். கல்யாணமான முதல் வருஷம் அவர்களிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பாலிடெக்னிக் முடித்தபோது சீனியர் ஒருவரிடம் வாங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு இருவரும் ஒரே கீபோர்டில் கார் ரேஸ் ஓட்டுவார்கள். இடப்பக்க எழுத்துகள் அவளுக்கு, வலப்பக்க அம்புக்குறிகள் அவனுக்கு. அவள் முந்தும்போது அவன் முழங்கையால் இடிப்பான். அவள் அவன் கையில் கிள்ளுவாள். படம் திக்கித் திக்கி ஓடும். "இது பூட்டுப்போட்ட ப்ராசஸரு மதி. வேகத்தை நாம தொடவே முடியாது. ஒருநாள் பூட்டில்லாதது வாங்கி, நம்ம கையால ஏத்தி ஓட்டணும்," என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகம் நிலம் வாங்கப்போகிறவன் முகம் மாதிரி இருக்கும்.

பிறகு கத்தார் நாட்டின் தோஹாவில் வேலை கிடைத்தது. பெரிய சர்வர் அறைகளுக்குக் குளிர்சாதனம் பராமரிக்கிற வேலை. போகிற அன்று பெங்களூர் விமான நிலையத்து வாசலில் நின்றுகொண்டு அவன் சொன்னான்: "அடுத்த கம்ப்யூட்டர நாம ரெண்டு பேரும் சேந்துதான் மாட்டறம். அது மாட்டற அன்னிக்கு நான் ஒரேடியா வந்துட்டன்னு வச்சிக்க."

அது நான்கு வருஷத்துக்கு முன்பு. நடுவில் ஒரே ஒருமுறை வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனான். அப்போது கம்ப்யூட்டர் பேச்சே வரவில்லை. இந்த மாசி மாதத்தில்தான் திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை, "பார்ட்ஸ் பாக்க ஆரம்பி மதி. மே மாசம் வர்றன்," என்றான்.

ஒரேடியாகவா என்று அவள் கேட்கவில்லை. பார்ட்ஸ் பாக்கச் சொன்னதே அதற்குப் பதில் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே மாடி அறையைக் கழுவினாள். ஆள் வைத்து எர்த் குழி வெட்டினாள். மேஜைக்கு அளவெடுத்தபோது இரண்டு நாற்காலி போட இடம் விட்டாள்.

பதினான்கு நாள் குறிப்பையும் சுத்தமாகப் படியெடுத்து, எந்தெந்தப் பார்ட்டுக்கு என்ன காரணம் என்று தன் யோசனையையும் எழுதி அவனுக்கு அனுப்பினாள். பூட்டில்லாத ப்ராசஸர், வேகத்தை ஏற்ற விடுகிற மதர்போர்டு, ப்ராசஸர் மேல் உட்காரும் இரட்டை விசிறி வைத்த உயரமான கூலர், எல்லாவற்றையும் உள்ளே மாட்ட முன்பக்கம் வலைபோட்ட பெரிய கேபினெட், இறங்கி ஏறும் வோல்டேஜுக்குத் தனி ஸ்டெபிலைசர். வியாழக்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து பதில் வந்தது. அவள் பட்டியலைத் திருத்தாமல் அவனே வேறு பட்டியல் போட்டிருந்தான். கடைசியில், "நல்லா எழுதியிருக்க. ஆனா இத வாங்கிடு," என்று ஒரு வரி. ப்ராசஸர் மட்டும் அவள் சொன்னது. மற்றதெல்லாம் வேறு. ஸ்டெபிலைசரைக் காணோம்.

அவனுக்குத் தெரியாததா என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தருமபுரிக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் அறிவழகன் பட்டியலைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மறுபடி இறக்கிவிட்டுப் படித்தான்.

"ஏங்க்கா, இத எழுதுனது ஒரே ஆளா, ரெண்டு ஆளா?"

"எங்க வூட்டுக்காரருதாங்க. ஏன்?"

"ப்ராசஸர எழுதுனவரு பெரிய ஆளு. கேபினெட்ட எழுதுனவரு அவுருக்கு விரோதி போல." அவனே சிரித்துக்கொண்டான். "இந்தக் கேபினெட்டுல கூலரு அம்பத்தஞ்சு மில்லிமீட்டருக்கு மேல நுழையாதுங்க. இந்த ப்ராசஸர இதுக்குள்ள வச்சி ஓவர்க்ளாக் பண்ணீங்கன்னா, ஆளக் கம்பளியில சுத்தி ஓட்டப்பந்தயத்துல வுட்டாப்பல. அஞ்சு நிமிசம் ஓடும். அப்புறம் அதுவே மூச்சு வாங்கிக்கினு வேகத்தக் கொறச்சிக்கும்."

"அப்ப எதுக்கு இந்தச் சின்ன கேபினெட்ட வாங்குவாங்க?"

"தூக்கிக்கினு போறதுக்குத்தான். மேல பாருங்க, கைப்பிடி வச்சிருக்கான். பிளேன்ல கையோட எடுத்துக்கினு போற சைஸுங்க இது. போன மாசம் காரிமங்கலத்துக்காரரு ஒருத்தரு இதே மாதிரி வாங்கித்தான் துபாய் போனாரு." அவன் விரல் பட்டியலின் கடைசி வரிக்கு வந்தது. "இதப் பாருங்க, பவர் கார்டு தட்ட முள்ளு மூணு. இது அந்தூரு ப்ளக்கு. நம்மூரு பாயிண்ட்ல எறங்கவே எறங்காது. நான் உருண்ட முள்ளுதான வச்சிருக்கன். இத மட்டும் தப்பா எழுதிட்டாரு போல."

வெண்மதி பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ப்ராசஸரைத் தவிர, பன்னிரண்டு வரியில் ஒன்றுகூட அந்த மாடி அறைக்கு எழுதப்பட்டதாக இல்லை. முப்பத்தெட்டரை டிகிரியும் நூற்று எழுபத்திரண்டு வோல்ட்டும் அவனுக்குத் தேவைப்படவே இல்லை. குளிரூட்டிய ஒரு சின்ன அறை, வோல்டேஜ் ஆடாத ஒரு ஊர், கட்டிலோரத்தில் ஒரு ஸ்டூல். அதற்குத்தான் பட்டியல்.

"தப்பா எழுதலீங்க," என்றாள். "ஒரு போன் பண்ணிட்டு வந்துர்றன்."

கடை வாசலில் நிழல் ஒரு முழம்தான் இருந்தது. அதில் ஒடுங்கி நின்று அழைத்தாள். அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"என்ன மதி, கடைக்குப் போயிட்டியா? இருக்குதாமா?"

"எத்தன நாள் லீவுல வர்றீங்க?"

மறுமுனையில் ஏதோ இழுத்துப்போடும் சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"உங்க பவர் கார்டு சொல்லிச்சி."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நாப்பது நாள்," என்றான். "காண்ட்ராக்ட இன்னும் ரெண்டு வருசம் போட்டுட்டாங்க. கையெழுத்து வச்சிட்டன். நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தன் மதி, போன்ல சொல்ல எனக்கு வாய் வரல."

"பார்ட்ஸ் பாருன்னு சொல்ல மட்டும் வாய் வந்துதா? நான் எர்த் குழி வெட்டிட்டன். உங்கம்மா இந்த வெயில்ல தெனமும் ரெண்டு வாட்டி மாடியேறி எறங்கறாங்க."

"அந்தக் குறிப்பு பூராவும் படிச்சன். நாலு தடவ படிச்சன்." அவன் குரல் தாழ்ந்தது. "இங்க டூட்டி முடிஞ்சி வந்தா நாலு செவுரு. அந்தப் பக்கம் ஒருத்தன் நேபாளி, இந்தப் பக்கம் ஒருத்தன் கேரளா, ஆளுக்கொரு போன். நம்ம கம்ப்யூட்டரு ஒண்ணு பக்கத்துல இருந்தா, நீ தேர்ந்தெடுத்த பார்ட்ஸு, நீயும் நானும் சேந்து மாட்டுனது, அது ஓடறத பாத்துக்கினாவது இருப்பன்னு தோணிச்சி. நீ அங்கருந்து லேப்டாப்புல வந்தீன்னா சேந்து ரேஸ் ஓட்டலாம்."

"எங்கிட்ட இருக்கற லேப்டாப்புல ரேஸ் காரு தெரியாது. மாட்டு வண்டிதான் தெரியும்."

எதிர்க்கடையில் தர்பூசணி வெட்டுகிறவன் இவளையே பார்ப்பது தெரிந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாதவராஜ் மேல் வந்த கோபம் ஒரு நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த நாலு சுவருக்குள் கைப்பிடி வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் தனியாக நுழைவது கண்ணுக்குள் தெரிந்தது.

"சின்னதே வாங்கிடு மதி."

"அப்புறம் பேசறன்," என்று வைத்துவிட்டாள்.

கடைக்குள் வந்து கைப்பையிலிருந்து தன் பட்டியலை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "இதுல இருக்கறதக் குடுங்க."

அறிவழகன் படித்துக்கொண்டே போனான். தலை தானாக ஆடியது. "இதாங்க கம்ப்யூட்டரு. ஆனா இந்தக் கேபினெட்டு பதினாலு கிலோ. வச்ச எடத்த வுட்டு அசையாது, பரவால்லியா?"

"அசையக் கூடாதுங்க."

"பில்லு யாரு பேர்ல போடறது? வாரண்டி அந்தப் பேருக்குத்தான் வரும். அவுரு பேருங்களா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "வெண்மதின்னு போடுங்க. ரிப்பேருன்னா நான்தான தூக்கிக்கினு வரணும்."

"சரி, மாட்டியே குடுத்துரட்டுங்களா?"

"இல்லீங்க. பெட்டி பெட்டியாவே குடுங்க."

சரக்கு பெங்களூரிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றான். அவன் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாதவராஜ்தான். எடுக்காமல் விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவளே கூப்பிட்டாள்.

"எத வாங்குன?"

"பெரிசு. எம்பட்டியல்."

திட்டப்போகிறான், அல்லது கெஞ்சப்போகிறான் என்று இருந்தாள்.

"போர்டு எது?" என்றான்.

சொன்னாள்.

"அதுல கரண்டு வாங்கற பகுதிக்கு மேல சூடு எறக்கற தகடு மூடியிருக்குமே, ரெட்டத் தகடா?"

"ரெட்டத் தகடு. அதுக்காகத்தான் அத எடுத்தன்."

"அடி சண்டாளி," என்றான். குரலில் நான்கு வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தது. "கூலரு உயரம் என்ன? நூத்தறுவதா? அப்ப சும்மா பறக்கும். மொத நாளே ஏத்திடாத. ஒரு படி ஏத்து, ரெண்டு மணி நேரம் ஓட வுடு, சூடு பாரு, அப்புறம் அடுத்த படி. முன்னாடி மூணு விசிறி காத்த உள்ள இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளணும். நம்ம மாடியில சித்திர வெயிலுக்கு வேகம் அஞ்சு கிகாஹெர்ட்ஸுக்கு மேல போகாது. போகலன்னா வுட்டுடு, பரவால்ல. மார்கழி வரட்டும். அந்தக் குளுருல ஜன்னலத் தொறந்து வச்சிக்கினு இன்னும் ரெண்டு படி ஏத்திரலாம் பாரு."

வெண்மதி கேட்டுக்கொண்டே வந்தாள். அவளையறியாமல் சிரித்திருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

"மார்கழில நீங்க எங்க இருப்பீங்க?" என்றாள்.

அவன் பேச்சு நின்றது. அந்தப் பக்கம் ஏசி ஓடும் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பஸ் நாலு ரோட்டைத் தாண்டி வளைந்தது. அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.